குலநீர்

சாருமதி வந்த வாடகைக் காரின் பின்சீட்டில் இருபது லிட்டர் கேன் ஒன்று சீட் பெல்ட் மாட்டி உட்கார்ந்திருந்தது. அவள் முன்சீட்டில் இருந்தாள். டிரைவர் கேனைத் தூக்கப் போனதும், "அண்ணா, அதைத் தொட்டுப் போடாதீங்க" என்று பதறி இறங்கி, தானே தூக்கிக்கொண்டு படியேறினாள். வேறு பெட்டியோ பையோ இல்லை.

நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். நாலு தலைமுறையாகக் கோயமுத்தூரில் பம்ப்செட் செய்து விற்கும் குடும்பத்துப் பெண், கட்டிக்கொடுத்து மூன்று வருடம் கூட ஆகவில்லை, பட்டப்பகலில் தெருவே பார்க்கத் தண்ணீரைச் சுமந்துகொண்டு வருகிறாள். எதிர்வீட்டுப் பால்கனியில் ஆள் இருந்தது.

"வா கண்ணு. மாப்பிள்ளை வரலையா?"

"இல்லீங்கப்பா."

"எப்பத் திரும்பறே?"

கேனை இறக்கி வைத்து, அதன் கழுத்தைப் பிடித்தபடி என்னைப் பார்த்தாள். "இது தீர்ற வரைக்கும் இருப்பேனுங்க. அதுக்கப்புறம் பெருந்துறைக்கே போறதா, இங்கயே கெடந்து சாகறதான்னு நீங்கதான் சொல்லோணும்."

அவள் மிகையாகப் பேசவில்லை. எங்கள் வீட்டில் ஆளுக்கு ஒரு குழாய் உண்டு. அதில் எதிலும் அவள் ஒரு வாய் குடிக்க முடியாது.

நான் இளைஞனாக இருந்த காலத்தில் ஊரே தண்ணீர்ப் பைத்தியம் பிடித்து அலைந்தது. ஒருவர் செம்புப் பானைத் தண்ணீர்தான் குடிப்பார். ஒருவர் காரத்தன்மை ஏற்றிய தண்ணீர் என்பார். இன்னொருவர் கறுப்பாக ஒன்றை வெளிநாட்டிலிருந்து பாட்டில் பாட்டிலாக வரவழைப்பார். பல வருடம் கழித்து அதையெல்லாம் ஓரங்கட்டிவிட்டு வந்ததுதான் குலநீர். ஒரு குடும்பத்தார் வயிற்றில் வாழும் நுண்ணுயிர்களில் நல்லவற்றை மட்டும் பொறுக்கி எடுத்து, வீட்டின் அடித்தளத்தில் ஒரு கலத்தில் வளர்த்து, குடிநீரில் சொட்டு சொட்டாகக் கலந்து தருவார்கள். ஒரே வருடத்தில் எனக்குச் சர்க்கரை போயிற்று, ரத்தக் கொதிப்பு போயிற்று, முழங்கால் வலி போயிற்று. இன்று எழுபத்தெட்டு வயதில் கைப்பிடி தொடாமல் மாடி ஏறுகிறேன்.

அதற்கு ஈடாக உடம்பு கேட்டது ஒன்றைத்தான்: வேறு தண்ணீர் ஆகாது. வேறு தண்ணீரில் சமைத்ததும் ஆகாது. அடுத்த வீட்டில் ஒரு வாய் குடித்தால் காய்ச்சல், தொடர்ந்து குடித்தால் சாவு. எனக்கு அது குறையாகப் படவில்லை. கண்ட வீட்டில் கை நனைக்காத குடும்பம் என்று பெயர் எடுப்பது லேசான காரியமா? கல்யாண மண்டபங்களில் பந்தி போய், அவரவர் டப்பாவை அவரவர் திறக்கும் காலம் வந்தபோது, எங்கள் டப்பாதான் முதலில் திறந்தது.

பெண்ணைக் கட்டிக் கொடுக்கும்போது அவள் உடம்பைப் புகுந்த வீட்டு நீருக்குத் திருப்ப வேண்டும். மடைமாற்றம் என்பார்கள். கல்யாணத்துக்கு முந்தைய ஒரு மண்டலம் மருந்தும் பத்தியமுமாக இருந்து சாருமதி மாறினாள். மாறிய உடம்புக்குப் பிறந்த வீட்டு நீர் பகை. திரும்ப வழி கிடையாது. கல்யாணம் என்றால் அப்படித்தானே என்று நாங்கள் எல்லோரும் சொல்லிக்கொண்டோம்.

அன்று மதியம் சாப்பாட்டு மேசையில் நாங்கள் சாப்பிட, சாருமதி தன் கேனிலிருந்து அரை டம்ளர் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக நாக்கில் விட்டுக்கொண்டாள். மகன் கௌதமும் மருமகள் பிரதீபாவும் தட்டைப் பார்த்தபடி இருந்தார்கள்.

"அடிச்சாங்களா?" என்றேன்.

"அதெல்லாம் கை நீட்ட மாட்டாங்க. படிச்ச குடும்பம். மாமனார் போன்ல குடும்பத் தலைவர் பூட்டு இருக்குதுங்கல்ல, அதை அழுத்துவாரு. என்ற குழாய் மட்டும் நின்னுரும், அடுத்தவங்க குழாய் என்ற கைக்குத் தொறக்காது. அவரு மகன் போய் 'அப்பா, இன்னிக்கு எதுத்துப் பேசிட்டா'ன்னு சொன்னாப் போதும். சாயங்காலம் வரைக்கும் நாக்கு ஒட்டிக்கெடக்கும். நான் போய் நின்னு, 'மாமா, தண்ணி வேணுங்க'ன்னு கேக்கோணும். கேட்டாத் தொறந்துருவாரு."

"கேட்டாத் தொறக்கறாருல்ல?"

பிரதீபா தலை நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

எனக்குக் கோபம் வராமல் இல்லை. ஆனால் கோபத்தை வாசலுக்குக் கொண்டுபோகிற வழக்கம் எங்கள் குடும்பத்தில் கிடையாது. குலநீர் நிறுவனத்துக்குப் போன் போட்டேன். திரையில் வந்த ஆலோசகர் இளம்பெண். சிரித்த முகம்.

"எங்க சம்பந்தி ரத்தினசபாபதி குடும்ப நீர் மாசம் நாலு கேன் எனக்கு வேணும்மா. என்ன விலையானாலும் சரி."

"விலை இல்ல சார் பிரச்சினை. அது அவங்க குடும்ப உடம்புலேந்து எடுத்த உயிர். அவங்க சொத்து. தலைவர் சம்மதிச்சா நாளைக்கே அனுப்பறோம்."

"சம்மதிக்கலைன்னா?"

"மேடம் அங்கேயே திரும்பிப் போகலாம். இல்லன்னா…" அவள் சிரிப்பு சற்றுக் குறைந்தது. "நீரிறக்கம்னு ஒண்ணு இருக்கு. சாதாரணத் தண்ணிக்குத் திரும்பறது. எங்க நிறுவனம் அதைப் பரிந்துரைக்கறதில்ல சார். வயசானவங்களுக்கு இதயம் தாங்காது. இளவயசுக்காரங்க பாதிப் பேர் பிழைக்கறாங்க."

இறங்கினவர்கள் என்று சொல்வார்கள் அவர்களை. எங்கள் தெருவில் இறங்கினவர் ஒருவரும் கிடையாது. மாநகராட்சித் தண்ணீர் குடிக்கிற வீட்டோடு யாரும் சம்பந்தம் பேசுவதில்லை. அவர்கள் வந்து போனால் நாற்காலியைத் துடைப்பவர்கள் இருக்கிறார்கள். நான் துடைத்ததில்லை. அவர்களை உட்காரச் சொன்னதும் இல்லை.

மறுநாள் கௌதமைக் கார் எடுக்கச் சொல்லிப் பெருந்துறைக்குப் போனேன்.

ரத்தினசபாபதிக்கு மஞ்சள் மண்டி. பெரிய வீடு, பெரிய குரல். ஹாலில் மாப்பிள்ளை நிகில் சோபாவில் கால் நீட்டி இருந்தான்.

"வாங்க அர்த்தநாரி சம்பந்தி, வாங்க! எங்க உங்க பாட்டிலக் காணோம்? கார்லயே பத்திரமா வெச்சுட்டு வந்துட்டீங்களாக்கும்?"

நான் உட்காரவில்லை. "என்ற பொண்ணுக்குத் தண்ணியப் பூட்டியிருக்கீங்க. நம்ம சனத்துல எங்கயாவது உண்டுங்களா இது?"

"பூட்டு எதுக்குங்க குடுத்திருக்கறாங்க? பூட்டத்தானுங்க. அதும் அரை நாளுக்கு மேல நான் போனதில்ல. உங்க போன்லயும் அது இருக்குதுங்கல்ல?"

"இருக்குது. ஒருநாளும் தொட்டதில்லை."

"அப்படீங்களா." அவர் மீசையைத் தடவிக்கொண்டார். "சரி, என்ன வேணும் சொல்லுங்க."

"அவ எங்க வீட்டுலயே இருக்கட்டும். மாசாமாசம் கேனுக்கு ஒரு சம்மதம் குடுத்துருங்க."

அவர் உள்ளே பார்த்து, "அம்மிணி, சம்பந்திக்குத் தண்ணி கொண்டா" என்றார்.

அவர் மனைவி வெள்ளி டம்ளரில் கொண்டு வந்து என் முன்னால் நீட்டினாள்.

"கல்யாணத்தன்னிக்கு இதே டம்ளர்ல இவ கொண்டாந்தா. நீங்க குடிக்க முடியாதுன்னு எங்களுக்கும் தெரியும். ஊருல எல்லாரும் என்ன பண்றாங்க? கையில வாங்கி, ஒதட்டுக்கிட்ட கொண்டுபோயிட்டு, கீழ வெக்கறாங்க. அதுதானுங்க மரியாதை. நீங்க ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால கட்டிக்கிட்டு நின்னீங்க. எங்க தண்ணி என்ன சாக்கடைங்களா? உங்க பொண்ணும் அதே மூஞ்சியோடதான் வந்தா. இன்னிக்கு வரைக்கும் என்ற சம்சாரம் குடுக்கற டம்ளர ரெண்டு வெரல்லதான் வாங்கறா."

நான் டம்ளரைப் பார்த்தேன்.

"ஒரு வாய் குடிங்க. காச்சல் வரும், நாலஞ்சு நாளைக்கு வயித்தால போகும். சாக மாட்டீங்க. குடிச்சீங்கன்னா உங்க பொண்ணு ஆயுசுக்கும் அங்கயே இருக்கட்டும், கேன் உங்க வீடு தேடி வரும். என்ற புள்ளை மேல சத்தியம்."

டம்ளரை வாங்கினேன். வாங்கினேன் என்பதை யாரும் மறுக்க முடியாது. உதடு வரை கொண்டுபோனேன். தண்ணீருக்கு ஒரு மணமும் இல்லை. அப்போது நிகில் சோபாவில் இருந்தபடியே போனைத் தூக்கி என் முகத்துக்கு நேராகப் பிடித்தான்.

அர்த்தநாரி இன்னொருவன் வீட்டு நடுக்கூடத்தில் நின்று, அவன் சொன்னபடி அவன் தண்ணீரைக் குடிக்கிறார். அதைச் சாயங்காலத்துக்குள் கோயமுத்தூர் முழுக்கப் பார்க்கும். என் தகப்பனார் பெயர் தாங்கிய பம்ப்செட் ஓடுகிற ஒவ்வொரு தோட்டத்திலும் பார்ப்பார்கள்.

ஒரு சொட்டும் சிந்தாமல் டம்ளரை மேசை மேல் வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் சாருமதியிடம், "அவங்க ஒத்துக்கலை கண்ணு" என்றேன்.

அவள் கேனைத் தரையில் சாய்த்து வைத்து, தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "வீடியோ வந்துச்சுங்கப்பா. அவரு அனுப்பிச்சாரு."

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"ஒரு வாய்ங்கப்பா" என்றாள். சத்தம் போடவில்லை, அழவில்லை. "நான் அங்க எத்தனை தடவை கேட்டு வாங்கிக் குடிச்சிருப்பேன். உங்களுக்கு ஒரே ஒரு வாய்."

"கௌரவம்னு ஒண்ணு இருக்குது சாரு."

"இருக்குதுங்க. அதைக் குடிச்சுத்தான் நான் இனி உசுரோட இருக்கோணும்." பாட்டிலை மூடினாள். "நான் எறங்கப் போறேன்."

"பாதிப் பேர் செத்துப் போறாங்க!"

"அங்க போனா முழுசாச் செத்துருவேனுங்களே."

சமையலறை வாசலிலிருந்து பிரதீபா பேசினாள்.

"ஆஸ்பத்திரிக்கு வேண்டாம் சாரு. அங்க ஒரே மாசத்துல இறக்கிடறாங்க, அதான் உடம்பு தாங்கறதில்ல. மாடியில என் ரூம்ல இரு. பெருந்துறைத் தண்ணி இருக்கற வரைக்கும் கலந்து கலந்து தர்றேன். மொத நாள் ஒரு ஸ்பூன், காய்ச்சி ஆறவெச்ச மாநகராட்சித் தண்ணி. காச்சல் வந்தா ரெண்டு நாள் நிறுத்தி மறுபடி அரை ஸ்பூன். நான் பாத்துக்கறேன்."

"நீ என்ன டாக்டரா?" என்றேன்.

"இல்லீங்க மாமா. நான் அப்படித்தான் எறங்கினேன்."

எனக்கு முதலில் புரியவில்லை. பிரதீபா இந்த வீட்டு மருமகள். எங்கள் குலநீருக்கு மடைமாறி வந்தவள். அவள் குழாய் தினமும் ஓடுவதை நான் போனில் பார்க்கிறேன்.

"குழாயத் தொறந்து பாட்டில்ல பிடிச்சு மாடித் தக்காளிக்கு ஊத்திருவேன். உங்க குலநீர் குடிச்சு வளர்றது இந்த வீட்டுல தக்காளிதானுங்க மாமா. நல்லாத்தான் காய்க்குது."

சாருமதிக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எதுக்காக?" என்றேன். "நான் என்ன ரத்தினசபாபதியா? உன்ற குழாய ஒருநாளாவது நிறுத்தியிருப்பேனா?"

"நிறுத்தலைங்க. கல்யாணமான புதுசுல பெங்களூர்ல எனக்கு வேலை கிடைச்சுதுங்கல்ல, போகட்டுங்களான்னு கேட்டேன். நீங்க ஒண்ணும் சொல்லலை. சட்டைப் பையில இருந்து போனை எடுத்து இந்த மேசை மேல வெச்சீங்க. 'யோசிச்சுப் பேசும்மா'ன்னு சொன்னீங்க. அவ்வளவுதான்."

போனை மேசை மேல் வைப்பது ஒரு குற்றமா? மேசை எதற்கு இருக்கிறது? பையில் உறுத்தினால் யாராயினும் எடுத்து வைப்பார்கள். அதைத்தான் சொன்னேன்.

"உறுத்தியிருக்கலாமுங்க. எனக்கு அன்னைக்கு ராத்திரியில இருந்து தாகம் ஆரம்பிச்சுது. தண்ணி வந்துக்கிட்டேதான் இருந்துச்சு. ஆனாலும் தாகம். அந்த விரல் எப்ப அழுத்தும், எப்ப அழுத்தும்னு. அதான், டைபாய்டுன்னு சொல்லிப் படுத்துக்கிட்டு எறங்கிட்டேன்."

நான் கௌதமைப் பார்த்தேன். என் மகன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"உனக்குத் தெரியுமா?"

"நானும்தானுங்கப்பா" என்றான். "எங்க பாப்பாவுக்கும் பொறந்ததுல இருந்தே மாநகராட்சித் தண்ணிதான். உங்க மனசு சங்கடப்படக் கூடாதுன்னு சொல்லலை. விசேஷத்துக்குப் போறப்ப நம்ம முத்திரை போட்ட பாட்டில்ல ஊத்தி எடுத்துக்குவோம். யாருக்கும் வித்தியாசம் தெரியலைங்க."

எத்தனை மண்டபங்களில் எங்கள் பாட்டிலை முதல் வரிசையில் வைத்துத் திறந்திருக்கிறேன். எத்தனை பேரிடம் என் பேத்தியின் தோலைக் காட்டி, இது குலநீரின் பலன் என்று சொல்லியிருக்கிறேன்.

"இந்த வீட்டுக் குழாயில பொய் ஓடக் கூடாது" என்றேன். போனை எடுத்தேன். பிரதீபா, கௌதம், குழந்தை என்று வரிசையாக மூன்று பெயர்களையும் பூட்டினேன். பூட்டியதோடு விடவில்லை. குடும்ப உறுப்பினர் நீக்கம் என்று அதற்குக் கீழே இருந்ததையும் அழுத்தினேன். உறுதிதானா என்று கேட்டது. உறுதி என்றேன். அந்தப் பூட்டை என் வாழ்நாளில் தொட்டது அன்றுதான்.

பிரதீபா என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். முடிந்ததும் பெருமூச்சு விட்டாள். "இவ்வளவுதானுங்களா மாமா?" என்று கேட்டுவிட்டு, சாருமதியின் பாட்டிலையும் கேனையும் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள்.

அதன்பிறகு வீடு இரண்டாகிவிட்டது. மாடியில் அவர்கள், கீழே நான். இறங்குகிறவர்களின் வியர்வை பட்டாலே என் போன்றவர்களுக்கு ஆகாது என்று நிறுவனம் எச்சரித்திருந்ததால் படிக்கட்டின் அடியோடு நின்றுகொள்வேன். மேலே சாருமதி வாந்தி எடுப்பது கேட்கும். காய்ச்சலில் சின்னப் பிள்ளைபோல், "குழாயத் தொறங்க, குழாயத் தொறங்க" என்று அவள் அரற்றிய நாட்கள் உண்டு. பிரதீபா ஒரு பாத்திரத்தை ஸ்பூனால் தட்டிக்காட்டி, "இதோ, தொறந்துதான் இருக்கு, யாரும் மூட முடியாது" என்பாள். கௌதம் கீழே வரும்போது, "எப்படி இருக்கறா?" என்பேன். "இருக்கறா" என்பான். சில நாள் அதற்கும் யோசிப்பான்.

மழைக்காலம் தொடங்கிய பிறகு ஒரு காலையில் சாருமதி சுவரைப் பிடித்துக்கொண்டு தானே இறங்கி வந்தாள். தலைமுடி பாதி கொட்டியிருந்தது. கன்ன எலும்பு தெரிந்தது. சமையலறைக்குப் போய், மாநகராட்சிக் குழாயைத் திறந்து, டம்ளர் நிறையப் பிடித்து, நின்ற நிலையில் மடமடவென்று குடித்தாள். பிறகு இன்னொரு டம்ளர். யாரிடமும் கேட்கவில்லை. என் மகள் பிழைத்துவிட்டாள். நான் தள்ளி நின்று பார்த்தேன்.

அந்த வாரமே நிறுவனத்திலிருந்து போன் வந்தது. அதே பெண்.

"சார், உங்க குடும்பக் கலத்தை மூட வேண்டியிருக்கு. தெரிவிக்கத்தான் கூப்பிட்டேன்."

"எதுக்கு மூடணும்? நான் குடிச்சுக்கிட்டுத்தானே இருக்கேன்?"

"நீங்க மட்டும்தான் சார் இருக்கீங்க. ஒரே உடம்பை நம்பி அந்த உயிர்க்கூட்டம் நிலைக்காது. நலிஞ்சு போயிடும். மூணு உறுப்பினர்களை நீங்களே நீக்கிட்டீங்க. குலநீர்ங்கறது குடும்பத்துக்கு சார். தனியாளுக்கு இல்ல."

அவர்கள் குடிக்கவே இல்லையே, கணக்கில் பெயர் மட்டும்தானே இருந்தது என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. தக்காளிச் செடிகளைப் பற்றி ஒரு வெளியாளிடம் எப்படிச் சொல்வது?

"அப்படீன்னா நானும் இறங்கிடறேன்."

"உங்க வயசுக்கு அது முடியாது சார். ஒரு வாரம் தாங்க மாட்டீங்க. ஆனா கவலைப்படாதீங்க, பொருத்தமான வேற குடும்ப நீர்ல உங்களைச் சேர்த்துடலாம். தேடிப் பாத்துட்டேன். ஒண்ணே ஒண்ணுதான் பொருந்துது. உங்க மகளுக்கு அங்க மடைமாற்றம் ரொம்ப சுலபமா நடந்திருக்கு. அதனால உங்களுக்கும் நடக்கும்."

அவள் தொடர்ந்தாள்.

"புதுக் குடும்பத்துல தலைவருக்கு நீங்க என்ன உறவுன்னு போடணும் சார். அப்பா, அண்ணன், தம்பி, மகன்னு இருக்கு. சம்பந்திக்கு இடம் இல்ல. சார்ந்திருப்பவர்னு போட்டுக்கட்டுமா?"

எதிரே சாருமதி மோர் குடித்துக்கொண்டிருந்தாள். டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள்.

"போடும்மா" என்றேன்.

"நன்றி சார். கடைசியா ஒண்ணு. சேர்றவங்க தன் குரல்ல தலைவர்கிட்ட கேக்கணும், அவர் சரின்னு சொல்லணும். அதைப் பதிவு பண்ணிக்குவோம். அவரை இணைக்கறேன்."

"வேண்டாங்கப்பா" என்று சாருமதி கையை நீட்டினாள். "வெச்சுருங்க. வேற ஏதாச்சும் வழி பாக்கலாமுங்க." நான் அவள் கையை விலக்கினேன். வேறு வழி இல்லை என்பது அவளுக்கும் தெரியும்.

போனில் பெரிய குரல் வந்தது. "யாருங்க, சம்பந்திங்களா? சொல்லுங்க, சொல்லுங்க. நீங்களே உங்க வாயால கேக்கோணுமாமா, அந்தப் புள்ளை சொல்லுது."

"எனக்குத் தண்ணி வேணும்" என்றேன்.

அந்தப் பக்கம் தொண்டையைக் கனைக்கும் சத்தம் கேட்டது.

"சரியாக் கேக்கலைங்க சம்பந்தி. இன்னொருக்கா. கொஞ்சம் சத்தமா."

நான் எழுந்து நின்றேன். முதுகை நிமிர்த்திக்கொண்டேன். சத்தமாகச் சொன்னேன்.